பாலை நிலத்தில் தங்கம் தேட இடம் தேர்வது எப்படி?

வெயில்வழி:

வணக்கம் நண்பர்களே. நீரோடும் ஆற்றில் தட்டு வைத்து மணல் அரித்துப் பழகியவன் நான். ஆற்றில் எங்கே பார்க்க வேண்டும் என்பது ஓரளவு பிடிபட்டுவிட்டது. வளைவின் உட்புறம், பெரிய பாறைக்குப் பின்னால், அடிப்பாறையின் வெடிப்புகள். இப்போது பாலைப் பகுதியில் தேட ஆசை. கையில் உலோகத்தைக் கண்டறியும் டிடெக்டர் ஒன்று இருக்கிறது. ஆனால் வரைபடத்தைத் திறந்தால் மலைப்பாக இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி குன்று, ஒரே மாதிரி வறண்ட ஓடை. இவ்வளவு வெற்று நிலத்தில் முதல் அடியை எங்கே வைப்பது? யாருடைய இடத்தையும் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை, அது முறையும் அல்ல. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வழி தெரிந்தால் போதும். அமெரிக்கத் தென்மேற்கு, மேற்கு ஆஸ்திரேலியா இரண்டுமே என் திட்டத்தில் உண்டு.

கற்சுவடு:

ஏற்கெனவே தங்கம் கிடைத்த வட்டாரத்தில் தொடங்குங்கள். பாலையில் இதைவிட உறுதியான வழி கிடையாது.

தங்கம் எல்லாப் பாறையிலும் இருக்காது. பாறையில் வெடிப்பு விழ வேண்டும், ஆழத்திலிருந்து வெந்நீர் ஏற வேண்டும், அதில் கரைந்து வந்த தங்கம் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லோடு சேர்ந்து அந்த வெடிப்பில் படிய வேண்டும். இப்படி நிரம்பிய வெடிப்பைத்தான் நாளம் என்கிறோம். இதெல்லாம் கூடி வந்த வட்டாரங்கள் சிலவே. மண்மூடாமல் வெளியே தெரியும் அந்த வட்டாரங்களில் பெரும்பாலானவற்றை, கழுதையோடு சுற்றியவர்கள் 1900-க்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்படியானால் நமக்கு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். அவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்பதுதான் மிச்சம். அரிசோனாவின் லா பாஸில் 1862-இல் கூட்டம் திரண்டபோதும், மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியில் 1892-இல் திரண்டபோதும், மண்ணை அரிக்க நீர் கிடைக்கவில்லை. களத்தில் நெல் தூற்றுவதுபோல மண்ணைக் காற்றில் தூற்றித்தான் தங்கத்தைப் பிரித்தார்கள். கல்கூர்லிக்குக் குழாய் வழியே நீர் வந்து சேர்ந்தது 1903-இல், அதுவும் 500 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து. காற்றில் தூற்றும்போது பொடித் தங்கம் பறந்துவிடும். களிமண் ஒட்டிய கட்டி கல்லோடு கல்லாகக் கழிந்துவிடும். ஈரமான மண்ணையும் இறுகிய மண்ணையும் தொடவே முடியாது. அன்றைய சாப்பாட்டுக்குக் கட்டாத இடத்தை விட்டுவிட்டு அடுத்த ஓடைக்கு நடந்தார்கள். அவர்கள் விட்டுப்போனதுதான் நமக்கான நிலம்.

இதற்குச் சாட்சி உண்டு. மொஹாவி பாலையில் ராண்ட்ஸ்பர்க் வட்டாரத்தில் 1895 முதல் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே 1977-இல் ஒருவர் டிடெக்டரில் 156 அவுன்ஸ் எடையுள்ள ஒற்றைக் கட்டியை எடுத்தார், ஏறத்தாழ ஐந்து கிலோ. மெக்சிகோவின் சொனோரா பாலையில் 1989-இல் சாதாரண டிடெக்டரோடு நடந்த ஒருவருக்கு 12 கிலோவுக்கும் மேலான கட்டி கிடைத்தது. அதன் வடிவத்தை வைத்து ‘கோர்டெஸின் பூட்ஸ்’ என்று பெயரிட்டார்கள். 2008 ஏலத்தில் 15 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. இப்படி உங்களுக்கும் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பழைய நிலம் காலியான நிலம் என்ற எண்ணம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நிலப்படம்:

கற்சுவடு சொன்னதற்கு நான் முழு ஆதரவு. நடைமுறையில் அதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன், ஏனென்றால் பலர் இந்த வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கனிமத் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அரசின் ஜியோவியூ வரைபடமும் மைன்டெக்ஸ் தரவுத்தளமும் உண்டு. முதலில் தங்கம் பதிவான எல்லாப் புள்ளிகளையும் ஒரே படத்தில் போடுங்கள். ஒற்றைப் புள்ளிகளை விட்டுவிட்டு, கொத்தாக விழும் இடங்களைப் பாருங்கள். அப்புறம் அதே பகுதியின் பாறை வரைபடத்தை அதன் மேல் வையுங்கள். பெரும்பாலும் அந்தக் கொத்துகள் ஒரு கோட்டின் மேல் உட்காரும். இரண்டு வகைப் பாறைகள் சந்திக்கும் விளிம்பாக இருக்கலாம், ஒரு பிளவுக்கோடாக இருக்கலாம். அந்தக் கோடு புள்ளிகள் தீர்ந்த பிறகும் எந்தத் திசையில் நீள்கிறது என்பதுதான் உங்கள் முதல் துப்பு.

தரவுத்தளம் காட்டும் இடம் சில சமயம் சில நூறு மீட்டர் தள்ளி இருக்கும். பழைய பதிவுகளைப் பிற்பாடு கணினியில் ஏற்றியதால் வந்த பிசகு இது. அதனால் செயற்கைக்கோள் படத்தில் சரிபாருங்கள். எங்கும் போய்ச் சேராத மங்கலான வண்டித்தடம், வரிசையாகச் சிறு குழிகள், ஓடையோரம் வேறு நிறத்தில் சின்னச் சின்ன மண்மேடுகள். பாலையில் மழையும் செடியும் குறைவு என்பதால் நூறாண்டுப் பழைய தடம்கூட மேலிருந்து தெரியும். காட்டில் இந்த வசதி இல்லை. அமெரிக்காவின் 1:24,000 அளவுள்ள நில அமைப்புப் படங்களில் பழைய சோதனைக் குழிகளுக்குப் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அவற்றின் பழைய பதிப்புகளைத் தேடிப் பாருங்கள், புதியவற்றில் இந்தக் குறிகள் பல இல்லை.

லேண்ட்சாட், சென்டினல்-2 என்ற செயற்கைக்கோள்களின் படங்களும் இலவசம். சிவப்பு அலைவரிசையை நீலத்தால் வகுத்தால் இரும்புத் துரு படிந்த நிலம் பளிச்சென்று தெரியும். தங்கம் இருக்கும் நாளங்களில் இரும்புத் தாது சிதைந்து துருவேறியிருப்பது வழக்கம், அதனால் இது பயன்படும். ஆனால் பாலையில் துருநிறம் எங்கும் உண்டு. இந்தப் படத்தை மட்டும் நம்பி வண்டியைக் கிளப்ப வேண்டாம். பத்து இடங்களில் எதை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை புதிதல்ல. எகிப்தின் கிழக்குப் பாலையில் வாடி ஹம்மாமாத் பள்ளத்தாக்கைக் காட்டும் ஒரு பாப்பிரஸ் வரைபடம் இன்று டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 1150 வாக்கில் நான்காம் ராம்சேஸ் காலத்தில் வரைந்தது. குன்றுகளைப் பாறை வகைக்கு ஏற்ப வேறு வேறு நிறத்தில் தீட்டி, தங்கம் எடுக்கும் குன்றுகளையும் சுரங்கக் குடியிருப்பையும் குறித்திருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே பாலையில் தங்கம் தேடியவர்கள் பாறையின் நிறம் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

வெயில்வழி:

இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, ஓடையில் அடிப்பாறை வரை தோண்ட வேண்டுமா? ஆற்றில் அதுதான் பாடம். இரண்டாவது, தொலைந்துபோன சுரங்கக் கதைகளில் ஏதாவது உண்மை இருக்குமா? அரிசோனாவின் சூப்பர்ஸ்டிஷன் மலை பற்றி நிறைய படித்தேன்.

கற்சுவடு:

இரண்டாவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், முதல் கேள்விக்கு நம் நண்பர் ‘செம்மண்’ வருவார்.

கதையை விட்டுவிடுங்கள். சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடரின் பெரும்பகுதி எரிமலைப் பாறை. அதன் மேற்கு அடிவாரத்தில் கோல்ட்ஃபீல்டில் 1890-களில் உண்மையாகவே தங்கம் எடுத்தார்கள், அது பதிவில் இருக்கிறது. மலைக்குள் இருப்பதாகச் சொல்லும் ‘டச்சுக்காரர் சுரங்கம்’ எந்தப் பதிவிலும் இல்லை. அந்த மலைப்பகுதி பாதுகாக்கப்பட்ட வனாந்தரம், 1984 முதல் புதிதாகக் கனிம உரிமை கோரவும் முடியாது. ஆஸ்திரேலியப் பாலையில் லாசெட்டர் என்பவர் கண்டதாகச் சொன்ன தங்கப் பாறைக்கும் இதே கதிதான். 1930-இல் பெரிய செலவில் ஒரு குழு கிளம்பியது, லாசெட்டர் அடுத்த ஆண்டு பாலையிலேயே இறந்தார், தங்கம் இன்றுவரை அகப்படவில்லை. எத்தனை அவுன்ஸ், எந்த ஓடை, எந்த ஆண்டு என்று எழுதிய சலிப்பான அரசு அறிக்கையைப் படிப்பதில் செலவிடும் ஒரு மாலை, இந்தக் கதைகளுக்குக் கொடுக்கும் ஒரு வருடத்தைவிட மேல்.

செம்மண்:

அடிப்பாறைக் கேள்விக்கு வருகிறேன். நான் பாறை படித்தவன், பிழைப்பும் அதில்தான், அதனால் கொஞ்சம் நீளும்.

ஆற்றில் நீர் ஆண்டு முழுக்க ஓடி மணலைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. தங்கத்தின் அடர்த்தி 19.3, குவார்ட்ஸ் வெறும் 2.65. புரட்டப் புரட்டத் தங்கம் கீழே இறங்கிக்கொண்டே போய் அடிப்பாறையில் உட்காரும். பாலையின் காட்டாறு அப்படி இல்லை. என்றோ ஒரு நாள் வெள்ளம் வரும், கல், மண், தங்கம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு சில மணி நேரம் ஓடும், சட்டென்று நிற்கும். நின்ற இடத்தில் எல்லாம் அப்படியே விழும். தங்கத்துக்கு அடிவரை இறங்க நேரம் இருப்பதில்லை. அதனால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு மெல்லிய தங்கப் படலம், வெவ்வேறு மட்டத்தில் இருக்கலாம். ஓடைக்கரை வெட்டுண்ட இடத்தில் பக்கவாட்டில் பாருங்கள். பெருங்கல்லும் கருமணலும் சேர்ந்து கிடக்கும் வரி எது என்று தெரியும். அந்த வரியிலிருந்து மாதிரி எடுங்கள்.

அடுத்தது சுக்கான்பாறை. அமெரிக்கத் தென்மேற்கில் காலிச்சி என்றும் ஆஸ்திரேலியாவில் கால்க்ரீட் என்றும் சொல்வார்கள். மழைநீர் மண்ணில் சுண்ணாம்பைக் கரைத்து இறக்கும், வெயில் நீரை இழுத்துக்கொள்ளும், சுண்ணாம்பு மட்டும் தங்கி சிமெண்ட் தளம்போல் இறுகும். அதற்கு மேல் வரும் தங்கம் அதைத் தாண்டி இறங்காது. உண்மையான அடிப்பாறை எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் சரி, இதுவே அடிப்பாறையின் வேலையைச் செய்துவிடும். அரிசோனாவில் பல இடங்களில் பழையவர்கள் காலிச்சியின் மேல்முகத்தைச் சுரண்டித்தான் தங்கம் எடுத்தார்கள். ஆகவே கெட்டித் தளம் தட்டுப்பட்டதும் கடப்பாரையை எடுக்காதீர்கள். அதன் மேல்முகத்தையும் பள்ளங்களையும் சுத்தமாகக் கூட்டி எடுத்துச் சோதியுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாலையில் தங்கம் தொலைதூரம் போவதில்லை. தள்ள நீர் இல்லை. மூலநாளம் சிதையும்போது தங்கம் சரிவிலேயே தங்கிவிடும். லேசான மணலைக் காற்று வாரிப் போகும், தூசு போகும், கனமான கல்லும் தங்கமும் அங்கேயே நிற்கும். அரிசோனாவின் ரிச் ஹில்லில் 1863-இல் வந்தவர்கள் குன்றின் உச்சியில், பாறை இடுக்குகளில் இருந்து கட்டிகளைக் கத்தியால் நெம்பி எடுத்தார்கள். உச்சிக்குத் தங்கத்தை எந்த ஆறும் கொண்டுவரவில்லை, பாறை கரைந்துபோய் தங்கம் மட்டும் அங்கேயே நின்றது. கட்டியின் முனைகள் கூர்மையாக, குவார்ட்ஸ் ஒட்டிக்கொண்டு இருந்தால் மூலம் பக்கத்தில் என்று அர்த்தம். உருண்டு மழுங்கியிருந்தால் கொஞ்சம் பயணம் செய்திருக்கிறது.

ஆகவே ஓடையைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். தலையைத் தூக்கி மேலே உள்ள சரிவையும் பாருங்கள்.

தனிவழி:

எல்லோரும் பழைய நிலம் பழைய நிலம் என்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பேர்பெற்ற பழைய ஓடைகள் எல்லாவற்றையும் நாற்பது ஆண்டுகளாக டிடெக்டரோடு சலித்துவிட்டார்கள். அங்கே போனால் துருப்பிடித்த ஆணியும் தோட்டா உறையும்தான். யாரும் போகாத நிலத்துக்குப் போக வேண்டும். சகாராவைப் பாருங்கள். சூடானின் ஜெபல் ஆமிரில் 2012-இல் தங்கம் கிடைத்தது, ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். மவுரித்தானியாவில் 2016-இல் அதேபோல. அங்கெல்லாம் பழைய பதிவா இருந்தது? டிடெக்டர் வந்தது, மக்கள் நடந்தார்கள், கிடைத்தது. பதிவில் இல்லாத இடத்தில்தான் பெரிய பரிசு இருக்கிறது.

செம்மண்:

தனிவழி, உங்கள் வாதத்தில் பாதி சரி. சகாராவில் பரந்த நிலப்பரப்பு சோதிக்கப்படாமல் கிடந்தது, டிடெக்டர் அதை மாற்றிவிட்டது. ஆனால் அந்த இடங்களையும் பாறை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். தற்செயலான மணல்வெளி அல்ல, பழம்பாறைகள் வெளியே தெரியும் பகுதிகள். பதிவு இல்லாவிட்டாலும் பாறை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அங்கே நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஜெபல் ஆமிரில் 2013-இல் குழி சரிந்து பலர் மண்ணுக்குள் போனார்கள். தாங்கல் இல்லாத குழிக்குள் இறங்கியவர்களின் கதி அது.

இன்னொரு வகைப் ‘புது நிலம்’ உண்டு, மணல் மூடிய நிலம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் விக்டோரியா பாலை ஓரத்தில் டிராபிகானா என்ற தங்கப் படிவு 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது, மண் மாதிரியில் தெரிந்த சின்னத் தடயத்தைத் தொடர்ந்து துளையிட்டார்கள். தென் ஆஸ்திரேலியாவின் சாலஞ்சர் என்ற படிவு 1995-இல் அகப்பட்டது இன்னும் சுவாரசியம். நான் மேலே சொன்ன அதே சுக்கான்பாறையை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தங்கம் மிக மெதுவாக, மிகச் சிறிய அளவில் மண்நீரில் கரைந்து சுண்ணாம்போடு மறுபடி படியும். கண்ணுக்குத் தெரியாது, டிடெக்டருக்கும் கேட்காது, ஆய்வகம் மட்டும் சொல்லும். இந்த வேலை நிறுவனங்களுக்குத்தான் கட்டும். தனி ஆள் மணல்மேட்டில் நடந்து பயனில்லை. சிறிய கட்டி என்றால் டிடெக்டர் ஒரு சாண் ஆழம்தான் பார்க்கும்.

கற்சுவடு:

தனிவழிக்கு ஒரு சமரசம் சொல்கிறேன். பேர்பெற்ற ஓடையின் நடுவில் நிற்க வேண்டாம், அங்கே ஆணிதான் கிடைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே நாளக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, பழைய குழிகள் முடியும் இடத்தைத் தாண்டி நடங்கள். அடுத்த மேடு, அடுத்த சிறு வாய்க்கால், யாரும் ஏன் இறங்குவான் என்று தோன்றும் இடம். புது நிலம் பல நேரம் பழைய நிலத்துக்கு அரை கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது.

தனிவழி:

அரை கிலோமீட்டர் எனக்குப் போதாது. ஆனால் நாளக்கோட்டைத் தொடர்வது என்பதை ஏற்கிறேன். நான் போகும் இடங்களிலும் அப்படித்தான் பார்க்கிறேன், கோடு நீளம், அவ்வளவுதான்.

தூற்றுமணல்:

இதுவரை யாரும் மாதிரி எடுப்பதைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை. எல்லா வரைபடமும் உங்களை ஓடைவரை கொண்டுவந்து விடும். அதற்கப்புறம் இருப்பது மாதிரி மட்டும்.

ஒரே அளவு வாளி, ஒரே அளவு சல்லடை. ஒவ்வொரு இடத்திலும் அதே அளவு மண். எங்கே எடுத்தீர்கள், எந்த ஆழம், அடியில் என்ன இருந்தது, தட்டில் எத்தனை பொட்டுத் தங்கம் என்று குறித்துவையுங்கள். தண்ணீருக்கு ஒரு தொட்டி போதும், ஒரே நீரில் நாள் முழுக்க அரிக்கலாம், கலங்கினால் தெளியவிட்டு மேல்நீரை எடுத்துக்கொள்ளலாம். ஓடையின் வாயில் தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கிளையிலும் எடுங்கள். ஒரு கிளையில் பொட்டு வரும், இன்னொன்றில் வராது. வந்த கிளையில் ஏறுங்கள். ஒரு கட்டத்தில் பொட்டு அதிகமாகி, அதற்கு மேலே திடீரென்று நின்றுபோகும். நின்ற இடத்துக்கும் கடைசியாக வந்த இடத்துக்கும் நடுவில், இரு பக்கச் சரிவிலும் டிடெக்டரைப் போடுங்கள். செம்மண் தலையைத் தூக்கிப் பாருங்கள் என்றாரே, எங்கே தூக்க வேண்டும் என்பதை மாதிரிதான் சொல்லும்.

எதுவும் வராத தட்டையும் குறித்துவையுங்கள். வராத இடங்கள்தான் எல்லையைக் காட்டுகின்றன.

பழைய தூற்றுமேடுகளைப் பற்றி ஒரு விஷயம். டிரை வாஷர், அதாவது நீரில்லாமல் காற்றால் மண்ணைத் தூற்றும் இயந்திரம், வைத்து வேலை செய்த இடத்தில் இரண்டு குவியல் இருக்கும். ஒன்று பொடி மண், இயந்திரத்தின் வாயிலிருந்து வழிந்தது. இன்னொன்று மேல் சல்லடையில் நின்று ஒதுக்கிய கற்குவியல். கற்குவியலை டிடெக்டரால் பாருங்கள். சல்லடைக் கண்ணைவிடப் பெரிய கட்டி, அல்லது களிமண் உருண்டைக்குள் ஒளிந்த கட்டி, கல்லோடு சேர்ந்து அங்கேதான் விழுந்திருக்கும். நாளெல்லாம் வெயிலில் குனிந்து நின்றவன் ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்த்திருக்க மாட்டான். குவியலைக் கால்வாசி உயரத்துக்கு இழுத்துப் பரப்பிவிட்டு மறுபடி பாருங்கள், ஆழம் கிடைக்கும்.

டிரை வாஷர் வாங்குவதாக இருந்தால் மண் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். மழை பெய்த வாரத்தில் அது வெறும் சுமை. இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: அமெரிக்கத் தென்மேற்கு மண்ணில் காக்சிடியாய்டஸ் என்ற பூஞ்சை உண்டு. தூசோடு மூச்சில் போனால் ‘வேலி ஃபீவர்’ என்ற நுரையீரல் நோய் வரும். தூற்றும் வேலையே தூசு கிளப்பும் வேலை. தூசு உங்கள் மேல் வராதபடி காற்று வரும் பக்கமாக நின்று, நல்ல என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆலைக் கழிவுகளில் பாதரசமும் ஆர்சனிக்கும் இருக்கக்கூடும், அந்த வெளிர்நிறப் பொடிமண் மேட்டைத் தொடாதீர்கள்.

வெயில்வழி:

தூற்றுமணல், இது பொக்கிஷம். ஒரு கேள்வி: நாளத்தைத் தரையில் எப்படி அடையாளம் காண்பது? எல்லா வெள்ளைக் கல்லும் குவார்ட்ஸாகத் தெரிகிறது.

செம்மண்:

பளிங்கு வெள்ளையாக, பால்போல் சுத்தமாக இருக்கும் குவார்ட்ஸ் பெரும்பாலும் வெறும் கல். துருக்கறை படிந்த, பொத்தல் விழுந்த குவார்ட்ஸைத் தேடுங்கள். அந்தப் பொத்தல்கள் சதுரமாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே ஒரு காலத்தில் பைரைட் என்ற இரும்புக் கனிமத்தின் கனசதுரங்கள் இருந்தன, சிதைந்து இரும்புத் துருவாகி வெளியேறிவிட்டன. சில இடங்களில் அந்தக் கனசதுரமே பழுப்பு இரும்பாக மாறித் தரையில் உதிர்ந்து கிடக்கும். அதைக் கண்டால் உட்கார்ந்துவிடுங்கள், அந்தச் சுற்றுவட்டம் ஒரு நாள் வேலைக்குத் தகுதியானது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பச்சைப்பாறை வட்டாரங்கள், அதாவது பழைய எரிமலைக் குழம்பு மாறி உருவான கரும்பச்சைப் பாறைகள், அவற்றின் ஓரங்களும் உடைப்புகளும் முக்கியம்.

டிடெக்டரில் ஒரு தொல்லை வரும். இரும்புச்சத்து மிகுந்த சில கற்கள் தங்கம்போலவே ஒலி எழுப்பும். கையில் எடுத்து டிடெக்டருக்கு முன்னால் ஆட்டிப் பார்த்து, அந்த வட்டாரத்துக் கல்லின் குரலைப் பழகிக்கொள்ளுங்கள். பல்ஸ் வகைக் கருவிகள் இந்த மண்ணில் அமைதியாக ஓடும், ஆணிக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் சொல்வதில் சுமார்தான். ஆகவே ஒலித்ததையெல்லாம் தோண்டியே ஆக வேண்டும்.

எல்லைக்கல்:

இடம் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்படும் முன் அது யாருடையது என்று பாருங்கள். பாலை வெறிச்சென்று இருப்பதால் உரிமையாளர் இல்லை என்று அர்த்தமல்ல.

அமெரிக்காவில் கூட்டரசு நில நிர்வாகத்தின் கீழ் உள்ள நிலத்தில் 1872-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒருவர் ‘கிளெய்ம்’, அதாவது கனிம உரிமை, போட்டிருந்தால் அந்தக் கனிமம் அவருடையது, நீங்கள் அனுமதியில்லாமல் எடுத்தால் திருட்டு. கிளெய்ம் பதிவுகளை அந்த நிர்வாகத்தின் எம்எல்ஆர்எஸ் தளத்தில் பார்க்கலாம். ஆனால் அது தோராயமான சதுரத்தைத்தான் காட்டும். மாவட்டப் பதிவாளரிடம் இருக்கும் வரைபடத்தையும் பாருங்கள், நிலத்தில் மூலைக்கம்பங்களையும் தேடுங்கள். கிளெய்ம் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு செப்டம்பர் 1-க்குள் கட்டணம் கட்டியோ விலக்குப் பெற்றோ அதைக் காப்பாற்ற வேண்டும். விட்டவர்களின் நிலம் அப்புறம் திறக்கும், பதிவில் அது தெரிய நாளாகும். தேசியப் பூங்காக்களில் தேடவே கூடாது. கலிபோர்னியாவில் டெத் வேலியும் ஜோஷுவா ட்ரீயும் 1994 சட்டத்தால் தேசியப் பூங்காவானவை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் மைனர்ஸ் ரைட் என்ற அட்டை எடுக்க வேண்டும், அதற்குக் காலாவதி கிடையாது. திறந்த அரசு நிலத்தில் அது போதும். ஒரு நிறுவனம் ஆய்வு உரிமம் வைத்திருக்கும் நிலத்தில் என்றால் ‘40இ’ என்ற தனி அனுமதியும் தேவை. சுரங்கக் குத்தகை நிலத்தில் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பழங்குடி மக்களின் புனித இடங்கள் 1972 சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அது சட்டத்துக்காக மட்டும் அல்ல, அவர்கள் நமக்கு முன்னால் பல்லாயிரம் ஆண்டுகள் அந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள்.

தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள். மூடாத ஒரு குழியால் மொத்தப் பகுதியும் எல்லோருக்கும் மூடப்படும்.

நிழல்மரம்:

நான் தேடுவதைவிட, தேடப் போனவர்களைத் தேடிப் போகும் வேலையில் இருக்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் குடிநீர் என்பது குறைந்தபட்சம், வெயில் காலத்தில் அது போதாது. அரிக்கும் தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கைப்பேசி சிக்னலை நம்பாதீர்கள், செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள், வானிலிருந்து வண்டிதான் கண்ணில் படும். பழைய சுரங்கத்துக்குள் போகவே வேண்டாம், உள்ளே ஆக்சிஜன் இல்லாத காற்று மணமில்லாமல் தேங்கியிருக்கும். காட்டாற்றின் நடுவில் கூடாரம் போடாதீர்கள், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே மலையில் பெய்த மழை வந்து சேரும்.

வெயில்வழி:

நிழல்மரம், அப்படியே செய்கிறேன். உங்கள் எல்லோருடைய பேச்சையும் வைத்து வேலையைத் தொடங்கிவிட்டேன். அரிசோனாவில் பழைய பதிவுகள் கொத்தாக விழும் ஒரு பகுதி, இரண்டு பாறை வகை சந்திக்கும் கோடு, அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு இறங்கும் மூன்று சிறு ஓடைகள். கிளெய்ம் பதிவில் நடு ஓடை ஒருவருடையது, மற்ற இரண்டும் இப்போதைக்குத் திறந்திருப்பதாகத் தெரிகிறது, பதிவாளரிடமும் சரிபார்க்கப் போகிறேன். கிழக்கு ஓடையில் பழைய குழிகள் தெரிகின்றன. மேற்கு ஓடையில் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதில் தொடங்குவது?

தனிவழி:

மேற்கு. ஒன்றும் தெரியவில்லை என்பதே காரணம்.

தூற்றுமணல்:

கிழக்கு. அங்கே தங்கம் உண்டு என்று குழிகள் சொல்லிவிட்டன. அந்த வட்டாரத் தங்கம் என்ன அளவு, எந்த மட்டத்தில் உட்கார்கிறது, சுக்கான்பாறை உண்டா, எந்தக் கல் டிடெக்டரில் கத்துகிறது என்று முதலில் கிழக்கில் கற்றுக்கொள்ளுங்கள். பழைய கற்குவியல்களையும் பாருங்கள். அந்தக் கண்ணோடு மேற்கு ஓடைக்குப் போனால் மாதிரி எடுக்க வேண்டிய இடங்கள் தானாகத் தெரியும். நேராக மேற்கே போய் ஒன்றும் வராவிட்டால், தங்கம் இல்லையா, தவறான மட்டத்தில் தோண்டினோமா என்று உங்களால் சொல்ல முடியாது.

செம்மண்:

தூற்றுமணல் சொல்வதே சரி. கூடுதலாக ஒன்று: இரண்டு ஓடையிலும் கரையோரம் உயரமாக நிற்கும் பழைய மேடுகளை விட்டுவிடாதீர்கள். ஓடை முன்பு அந்த உயரத்தில் ஓடியது. மேட்டின் மேல் கிடக்கும் கற்கள் கருத்துப் பளபளப்பாக இருந்தால் அந்தப் பரப்பு நெடுங்காலம் கலையாமல் கிடக்கிறது என்று பொருள், அதன் ஓரம் சரியும் இடத்தில் முதல் வாளியை எடுங்கள். நடு ஓடைக்காரரைச் சந்தித்தால் மரியாதையாகப் பேசிப் பாருங்கள். அந்தக் கோட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது.